மருத்துவர் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது

ஒரு மேசை. ஒரு பக்கம் கைவிலங்கு போட்ட மரண தண்டனைக் கைதி, எதிர்ப்பக்கம் கோட்டு போட்ட மனநல மருத்துவர். அன்று இரவு கைதியை மின்சார நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் மருத்துவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: இவன் சுயபுத்தியோடு இருக்கிறானா, இல்லையா? பேச்சைத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கைதி சொல்லிவிடுகிறான், தான் மனிதனே இல்லை, இந்த உடம்பைப் பிடித்திருக்கும் பிசாசு என்று. மருத்துவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்.

2023 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியான 'நெஃபேரியஸ்' படத்தின் பெரும்பகுதி இவ்வளவுதான். கழுத்து திரும்புவதில்லை, சுவரில் யாரும் ஏறுவதில்லை. ஒன்றரை மணி நேரம் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். சக் கான்ஸல்மன், கேரி சாலமன் இருவரும் எழுதி இயக்கியது. கைதி எட்வர்டாக ஷான் பாட்ரிக் ஃப்ளானரி, மருத்துவர் ஜேம்ஸ் மார்ட்டினாக ஜோர்டன் பெல்ஃபி. ஸ்டீவ் டீஸ் 2016இல் எழுதிய ஒரு நாவல்தான் மூலம். அமெரிக்காவை எப்படிக் கெடுத்தோம் என்று பிசாசே வாக்குமூலம் கொடுக்கிற புத்தகம் அது. விமர்சகர்களில் பலர் படத்தைக் கீழே தள்ளினார்கள், பார்வையாளர்கள் மேலே தூக்கினார்கள். அந்தச் சண்டையில் படத்துக்கு அடியில் இருக்கிற விஷயம் கவனிக்கப்படாமல் போய்விட்டது என்பது என் ஆதங்கம். அந்த மேசையும் அந்தக் காகிதமும் கற்பனை இல்லை. பிசாசைப் பற்றிப் பேசிக்கொண்டே அப்படிப்பட்ட மேசை முன் உட்கார்ந்த மனிதர்கள் உண்மையிலேயே இருந்திருக்கிறார்கள்.

(படத்தின் முடிவைப் பற்றியும் எழுதப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

முதலில் இந்தப் பேச்சு வடிவத்தைப் பார்ப்போம். பேய் ஓட்டுவது என்றாலே நமக்கு உடுக்கையும் வேப்பிலையும் ஞாபகம் வரும். ஆனால் அதன் நடுவில் நடப்பது விசாரணைதான். "யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இந்தப் புள்ளையப் புடிச்ச? என்ன குடுத்தாப் போவ?" என்று கோடாங்கி கேட்பார். கிறிஸ்தவ மரபிலும் இப்படித்தான். மாற்கு சுவிசேஷத்தில் இயேசு கேட்கிற கேள்வி "உன் பேர் என்ன?" வருகிற பதில் "லேகியோன் என் பேர், நாங்கள் அநேகராயிருக்கிறோம்." 1614இல் ரோமில் வெளியான கத்தோலிக்கச் சடங்கு நூல் பேயோட்டும் குருவுக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்றே வகுத்துக் கொடுக்கிறது: எத்தனை பேர், பெயர் என்ன, எப்போது நுழைந்தாய், ஏன் நுழைந்தாய். கூடவே இரண்டு எச்சரிக்கைகள். ஒருவருக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று சுலபமாக நம்பிவிடாதே. ஆர்வக் கோளாறில் அதனோடு வீண் பேச்சு பேசாதே.

இரண்டாவது எச்சரிக்கையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்தப் படம்தான் கண்முன் வருகிறது. மார்ட்டின் செய்கிற தவறு அதுதான். மனநல மருத்துவரின் தொழிலும் கேள்வி கேட்பதுதான். பெயர் என்ன, இன்று என்ன தேதி, எங்கே இருக்கிறீர்கள், குரல்கள் கேட்கின்றனவா என்று கேட்பார். கேட்பவர் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை மேசையின் எந்தப் பக்கம் யார் என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் எதிரே இருப்பவன் மருத்துவரின் அம்மாவைப் பற்றிக் கேட்கிறான். காதலியைப் பற்றிக் கேட்கிறான். 'இங்கிருந்து கிளம்புவதற்குள் மூன்று கொலை செய்திருப்பாய்' என்கிறான். மார்ட்டின் மறுக்கிறார், விளக்கம் கொடுக்கிறார், கோபப்படுகிறார். அதாவது பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு விசாரிக்கப்படுவது யார் என்பதில் சந்தேகமே இல்லை. நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, கேமராவும் பெரிதாக நகரவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது. படத்தின் முதல் ஒரு மணி நேரம் இதைச் செய்திருக்கிற விதத்துக்காகவே நான் இரண்டு முறை பார்த்தேன்.

தமிழ்ப் படங்களில் வருகிற பேய்க்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்முடைய பேய் பெரும்பாலும் செத்துப்போன மனுஷி. அவளுக்கு அநியாயம் நடந்திருக்கும். அவள் பேசுவது ஒரு முறையீடு. காது கொடுத்துக் கேட்டு, நியாயம் கிடைத்துவிட்டால் போய்விடுவாள். 'நெஃபேரியஸ்' காட்டுகிற பிசாசு எக்காலத்திலும் மனிதனாக இருந்ததில்லை. கிறிஸ்தவ நம்பிக்கைப்படி அது வீழ்ந்த தேவதூதன். அதற்குத் தீர்த்துவைக்க வேண்டிய குறை எதுவும் கிடையாது. கடவுளின் மேல் கோபம், கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்பதால் மனிதன் மேலும் கோபம். அதனால் அதனிடம் பேசிச் சமாதானம் ஆக முடியாது. 'என்ன வேண்டும்' என்று கேட்டால், எட்வர்டின் சாவு வேண்டும், அது உன் கையெழுத்தால் நடக்க வேண்டும் என்பதுதான் விடை.

எட்வர்டுக்குச் சாக விருப்பம் இல்லை. அவ்வப்போது அவன் வெளியே வருகிறான். திக்கித் திக்கிப் பேசுகிறான், கண் படபடக்கிறது, தலை ஒரு பக்கமாக வெட்டி இழுக்கிறது. ஒரு மூச்சு இழுத்து நிமிர்ந்தால் அதே முகத்தில் வேறொருவன், தங்குதடையில்லாத பேச்சு. ஒப்பனை எதுவும் மாறவில்லை. ஃப்ளானரி இமையாலும் தாடையாலும் மூச்சாலுமே இதைச் செய்கிறார். 'நான் பிசாசு' என்று சொல்கிறவனைப் பைத்தியம் என்று எழுதினால் உயிர் பிழைப்பான். சுயபுத்தியோடு இருக்கிறான் என்று எழுதினால் சாவான். ஒரே உடம்பில் இருக்கிற இரண்டு பேருக்கும் தேவைப்படுகிற விடை வேறு வேறு. இந்த முடிச்சை அமெரிக்கச் சட்டத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

சட்டத்தில் மனநிலை பற்றிய கேள்வி மூன்று வெவ்வேறு நேரங்களைப் பற்றியது. குற்றம் செய்த நேரத்தில் புத்தி சரியாக இருந்ததா என்பது ஒன்று. 1843இல் இங்கிலாந்தில் வந்த மெக்நாட்டன் விதி பேசுவது இதைத்தான். வழக்கு நடக்கும்போது அதைப் புரிந்துகொண்டு வக்கீலோடு பேசுகிற நிலையில் இருக்கிறாரா என்பது இன்னொன்று. மூன்றாவது, தண்டனையை நிறைவேற்றுகிற அன்று அவர் எப்படி இருக்கிறார். மார்ட்டினிடம் கேட்கப்படுவது இந்த மூன்றாவது கேள்வி. குற்றம் செய்தபோது அவன் எப்படி இருந்தான் என்பது இங்கே பேச்சே இல்லை.

புத்தி பேதலித்தவரைத் தூக்கிலிடக் கூடாது என்பது பழைய ஆங்கிலேயச் சட்ட மரபு. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக், அது பரிதாபமான காட்சி, கொடூரம், யாருக்கும் பாடமாகவும் இருக்காது என்று எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் இன்னொரு சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் வேறொரு காரணம் சொன்னார்: புத்தி தெளிவாக இருந்தால், தண்டனையை நிறுத்தும்படியான ஏதாவது ஒன்றை அவர் சொல்லியிருக்கலாமே. ஆனால் இதை அரசியல் சட்டத்தின் கட்டளை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1986இல்தான். வழக்கு ஆல்வின் ஃபோர்டு என்பவருடையது.

ஃபோர்டின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் ஒரு போலீஸ்காரரைக் கொன்ற வழக்கில் 1974இல் அவருக்கு மரண தண்டனை கிடைத்தது. அப்போது அவர் மனநோயாளி என்று யாரும் சொல்லவில்லை. சிறையில் ஆண்டுகள் போன பிறகு, 1982 வாக்கில், பேச்சு மாற ஆரம்பித்தது. தன்னுடைய சொந்தக்காரர்களும் நண்பர்களுமாக 135 பேரைச் சிறைக்குள் பிணைக் கைதிகளாக வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு தன்னை மூன்றாம் ஜான் பால் போப் என்று சொல்லிக்கொண்டார். கடைசியில் பேச்சே உடைந்து, ஒவ்வொரு சொல்லோடும் 'ஒன்று' என்பது ஒட்டிக்கொண்டது. "கைகள் ஒன்று, முகம் ஒன்று. மாஃபியா ஒன்று. கடவுள் ஒன்று, தந்தை ஒன்று, போப் ஒன்று." தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது.

ஃபுளோரிடா சட்டப்படி ஆளுநர் மூன்று மனநல மருத்துவர்களை அனுப்பினார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஃபோர்டைப் பார்த்தார்கள். வக்கீல்களும் சிறை அதிகாரிகளும் அதே அறையில் இருந்தார்கள். சந்திப்பு ஏறக்குறைய 30 நிமிடம் நடந்தது. அப்புறம் ஆளுக்கு இரண்டு மூன்று பக்கம் அறிக்கை. மூன்று பேரும் மூன்று விதமாக நோயைச் சொன்னார்கள், ஆனால் தண்டனையை நிறைவேற்றலாம் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஃபோர்டின் தரப்பு அந்த மருத்துவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வழியே இல்லை. 1984இல் ஆளுநர் காரணம் எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

உச்ச நீதிமன்றம் இந்த முறையே தவறு என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பு, புத்தி சுவாதீனம் இல்லாதவரைக் கொல்வது கொடூரமான தண்டனைகளைத் தடுக்கிற, அமெரிக்க அரசியல் சட்டத்தின் எட்டாவது திருத்தத்துக்கு விரோதம் என்றது. ஃபோர்டு தூக்கு மேடைக்கோ நாற்காலிக்கோ போகவில்லை, 1991இல் சிறையிலேயே இறந்தார். ஆனால் அந்த 30 நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. படத்தில் ஒரே ஒரு மருத்துவர் ஒரே நாளில் முடிவு எடுப்பதை, நம்பும்படி இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். நிஜத்தில் நடந்தது அதைவிடச் சிறிய பேச்சு.

பிசாசு நேரடியாக வருகிற வழக்குகளும் உண்டு. ஆர்க்கன்சாஸில் சார்ல்ஸ் சிங்கிள்டன் 1979இல் ஒரு மளிகைக் கடைக்காரப் பெண்ணைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றவர். 1987 வாக்கில் தன் சிறை அறையைப் பிசாசுகள் பிடித்திருக்கின்றன என்றார். சிறை மருத்துவர் தன் காதுக்குள் ஒரு கருவியை வைத்துவிட்டார் என்றார். மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்து மருந்து கொடுத்தார்கள். பிற்பாடு கட்டாயப்படுத்தியும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டால் தெளிவு வரும், தெளிவு வந்தால் சட்டப்படி கொல்லலாம். இது நியாயமா என்று வழக்கு நடந்தது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-க்கு 5 என்ற கணக்கில் கொல்லலாம் என்றது. 2004 ஜனவரி 6ஆம் தேதி விஷ ஊசி போட்டார்கள். இதே கேள்வியில் லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் 1992இலேயே எதிர்த்திசையில் தீர்ப்பு சொல்லியிருந்தது. கொல்வதற்காக மருந்து கொடுப்பது மருத்துவமே இல்லை என்ற வாதம் அங்கே எடுபட்டது.

டெக்ஸாஸில் ஸ்காட் பனெட்டி. 1992இல் மாமனாரையும் மாமியாரையும் சுட்டுக் கொன்றார். அதற்கு முன்னாலேயே பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்தவர். 1995இல் தன் வழக்கைத் தானே வாதாட நீதிமன்றம் அனுமதித்தது. ஊதா நிறக் கௌபாய் உடையில் வந்து வாதாடினார். சாட்சிகளாக இயேசு கிறிஸ்துவையும் ஜான் கென்னடியையும் போப்பையும் அழைக்க வேண்டும் என்றார். கொன்றதற்காகத் தண்டனை என்று அரசு சொல்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அது வெளிவேஷம், தான் சிறைக்குள் சுவிசேஷம் சொல்வதை நிறுத்தத்தான் சாத்தானின் படைகள் தன்னைக் கொல்லப் பார்க்கின்றன என்பது அவருடைய நம்பிக்கை. 2007இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர் பக்கம் நின்றது. அரசு என்ன காரணம் சொல்கிறது என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அது அவருக்கு அறிவுபூர்வமாக உறைக்கவும் வேண்டும் என்றார் நீதிபதி அந்தோணி கென்னடி.

சரி, இதில் மருத்துவர் எங்கே நிற்க வேண்டும்? அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை மருத்துவர்கள் மரண தண்டனை நிறைவேற்றத்தில் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. மனநிலை பற்றி நீதிமன்றத்தில் மருத்துவ அபிப்பிராயம் சொல்லலாம், ஆனால் கொல்லலாமா என்ற முடிவு சட்டத்துடையது. கொல்லும் தகுதிக்குக் கொண்டுவருவதற்காக மட்டும் சிகிச்சை கொடுக்கக் கூடாது, தாங்க முடியாத வேதனையில் இருந்தால் அதைக் குறைக்கலாம். படம் மார்ட்டினின் கையெழுத்தையே மரணக் கட்டளைபோலக் காட்டுகிறது. சட்டப்படி அது மிகை. ஆனால் மனசாட்சிப்படி மிகையா என்று கேட்டால், அந்தத் தொழிலில் இருக்கிற பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

நம் ஊர் வாசகர் கேட்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. இந்தியாவிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 2014 ஜனவரியில், ஈரோடு மாவட்டத்துக்காரரான அன்றைய தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு 15 பேரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கருணை மனுவில் ஆன தாமதம் பெரிய காரணம். மரண தண்டனைக்குப் பிறகு வந்த மனநோயும் தண்டனையைக் குறைக்கத் தகுந்த காரணமே என்று அந்தத் தீர்ப்பு சேர்த்துச் சொன்னது.

மனநல மருத்துவம் 'பிடித்தல்' என்ற அனுபவத்தை எப்படிப் பார்க்கிறது? மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆவி பிடித்த நிலைக்குத் தனி இடமே உண்டு. 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒருவருக்குள் பல ஆளுமைகள் இருக்கும் நோயை விளக்கும்போது, சில பண்பாடுகளில் இது பிடிக்கப்பட்ட அனுபவமாகச் சொல்லப்படலாம் என்று எழுதியிருக்கிறது. கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுவதுபோல, ஊர் ஏற்றுக்கொண்ட, அவருக்குத் துன்பம் தராத நிலையை நோய் என்று இந்தப் புத்தகங்கள் சொல்வதில்லை. விருப்பம் இல்லாமல் வருவது, வாழ்க்கையைக் குலைப்பது, இவற்றைத்தான் பார்க்கின்றன. பிசாசு உண்டா இல்லையா என்ற விவாதத்துக்கு மருத்துவர் போக வேண்டியதே இல்லை, இவருக்கு என்ன வேதனை என்று கேட்டால் போதும்.

மார்ட்டின் கேட்காத கேள்வி அது. படமும் கேட்கவில்லை. எனக்குப் படத்தின் மேல் இருக்கிற வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மணி நேரம் கத்தி முனையில் போய்க்கொண்டிருந்த பேச்சு, பின்பகுதியில் பிரசங்கம் ஆகிவிடுகிறது. மூன்று கொலைகள் எவை என்று தெரியவருகிறது. மார்ட்டின் தன் அம்மாவைக் கருணைக் கொலைக்கு ஒப்புக்கொடுத்தது ஒன்று. காதலி கருக்கலைப்பு செய்துகொள்வது இன்னொன்று. எட்வர்டின் சாவு மூன்றாவது. இயக்குநர்களின் நம்பிக்கை எனக்குப் பிரச்சினை இல்லை. கருக்கலைப்பை எதிர்த்து 2019இல் முழுப் படமே எடுத்தவர்கள், மறைக்காமல்தான் சொல்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், மார்ட்டினுக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றுமே கொடுக்கவில்லை. உரையாடலை நம்பி எடுத்த படத்தில் ஒருவர் ஊமையாகிவிட்டால் மிஞ்சுவது சொற்பொழிவு.

ஆனாலும் ஒரு காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. சிறைப் பாதிரியார் உள்ளே வருகிறார். அவரைப் பார்த்ததும் பிசாசு பதறுகிறது. அதுவரை அத்தனை நிதானமாகப் பேசியவனின் உடம்பு நாற்காலியில் சுருங்குகிறது. மார்ட்டின் அதைக் கவனிக்கிறார், நாமும் கவனிக்கிறோம். பேச்சுவாக்கில் பாதிரியார், பிசாசு பிடிப்பதையெல்லாம் சபை கடந்து வந்துவிட்டது, அது மனநோய்தான் என்கிற மாதிரி பரிவோடு சொல்கிறார். பிசாசின் தோள் தளர்கிறது. முகத்தில் நிம்மதி. அதற்கப்புறம் அவரிடம் அது காட்டுகிற மரியாதையில்தான் எனக்குப் படத்திலேயே அதிகமாக உடம்பு சிலிர்த்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை.

காட்சியாக அது அபாரம். ஆனால் அதன் வாதத்தை ஏற்றுக்கொண்டால் எட்வர்டு என்ற மனிதன் காணாமல் போகிறான். படத்துக்குள் பிசாசு நிஜம், அதனால் 'இது நோய்' என்று சொன்ன பாதிரியாரும் மருத்துவரும் ஏமாந்தவர்கள். திக்கித் திணறி 'சாக விருப்பமில்லை' என்று சொன்ன எட்வர்டு அவர்கள் நம்ப வேண்டிய உண்மைக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். கடைசியில் மார்ட்டின் கையெழுத்துப் போடுகிறார், அவனை நாற்காலியில் கட்டுகிறார்கள். அதன் பிறகு படத்தின் கவலை முழுக்க மார்ட்டினின் ஆன்மாவைப் பற்றியது.

சிங்கிள்டன் பிசாசைப் பற்றிப் பேசினார், பனெட்டி பிசாசைப் பற்றிப் பேசினார். அவர்கள் விஷயத்தில் அந்தப் பேச்சு கடைசிவரை அவர்களுடைய நோயின் பேச்சாகவே இருந்தது. பனெட்டி வழக்கு 2007 தீர்ப்போடு முடியவும் இல்லை. அவரைக் கொல்லலாம் என்று கீழ் நீதிமன்றங்கள் மறுபடியும் சொல்லின. 2014 டிசம்பரில் தண்டனைக்குச் சில மணி நேரம் இருந்தபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. திரும்பவும் மருத்துவர்கள் வந்தார்கள், மேசை போட்டு உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். 2023 செப்டம்பரில், 'நெஃபேரியஸ்' திரையரங்குகளுக்கு வந்த ஐந்து மாதங்களுக்குப் பிறகு, டெக்ஸாஸில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இவர் தண்டனையை நிறைவேற்றத் தகுந்த மனநிலையில் இல்லை என்று தீர்ப்பு எழுதினார். பனெட்டி மரண தண்டனைக் கைதியாகி அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.